வார்டு எல்லைக் கருத்துக்கேட்பில் எது எடுபடும்?

வார்டு எல்லைகளைத் திருத்தி வரையும் மறுவரையறை வரைவைப் போலச் சலிப்பூட்டும் அரசு ஆவணம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்தான். வார்டு எண், அதில் அடங்கும் தெருக்கள், மக்கள்தொகை, அதில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் எத்தனை பேர், பிறகு வடக்கே இது, கிழக்கே இது என்று நான்கு எல்லைகள்; பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். கடலூர் போன்ற ஊரென்றால் இதே வடிவத்தில் 45 வார்டுகள் பக்கம் பக்கமாக நீளும். பலரும் தம் தெருவின் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதனால் வரைவின் மீதான ஆட்சேபணைகளைக் கேட்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் கூடும்போது, எங்கள் வார்டை உடைக்காதீர்கள், எங்கள் வார்டை ஏன் பெண்களுக்கு ஒதுக்கினீர்கள், எங்கள் பகுதியில் வாக்காளர்கள் கூடிவிட்டார்களே என்ற மூன்று குரல்களே அதிகம் கேட்கின்றன. முதலாவது காரணம் சொல்லாத கோரிக்கை. இரண்டாவது அந்தக் கூட்டத்தின் வரம்புக்கு வெளியே நிற்கிறது. மூன்றாவது சட்டம் ஏற்காத எண்ணைப் பேசுகிறது. மனுதாரர்கள் கூட்டத்தில் மனக்குறையைக் கொட்டிவிட்டு வருவதற்கும் எல்லைக்கோட்டை உண்மையிலேயே நகர்த்துவதற்கும் இடையிலுள்ள தொலைவு, இந்த வேறுபாடுகளை அறிவதிலேயே பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

உள்ளாட்சி அமைப்புகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் தந்தவை 73, 74ஆம் திருத்தங்கள். இரண்டும் 1993இல் நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிகளைப் பொறுத்தவரை 243சி பிரிவு வெளிப்படையாகவே ஒரு விதியைச் சொல்கிறது: ஓர் ஊராட்சிப் பகுதிக்குள் வரையப்படும் ஒவ்வொரு தொகுதியின் மக்கள்தொகைக்கும் அதற்குரிய இடங்களுக்கும் உள்ள விகிதம், நடைமுறைக்கு இயன்ற அளவில், எங்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நகர்ப்புற வார்டுகளை எப்படி வரைவது என்பதை அரசியல் சட்டம் மாநிலச் சட்டத்திடம் விட்டிருந்தாலும், அங்கும் அடிப்படை இதுவே. தமிழ்நாட்டில் இந்தப் பணிக்கென்று 2017இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டு, மாநிலத் தேர்தல் ஆணையர் தலைமையில் மறுவரையறை ஆணையம் அமைக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பை வைத்து மாவட்ட வாரியாக வரைவுகள் தயாராகி, ஆட்சேபணைகள் பெறப்பட்டு, கருத்துக்கேட்புகளும் நடந்தன.

இது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் அடுத்து நடந்ததைக் கவனிக்கலாம். 2019 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களையும் அவற்றின் தாய் மாவட்டங்களையும் சேர்த்து ஒன்பது மாவட்டங்களில், மறுவரையறை முடிந்த பிறகே ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. கடலூர் மாவட்டம் அந்த ஒன்பதில் இல்லாததால் இங்கே 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் வாக்குப்பதிவு நடந்தது. கள்ளக்குறிச்சியைப் பிரித்துக்கொடுத்த பக்கத்து விழுப்புரம் மாவட்டமோ 2021 அக்டோபர் வரை காத்திருந்தது. எல்லைக்கோடு சரியாக வரையப்படாவிட்டால் தேர்தலே நின்றுபோகும் என்பதற்கு நம் கண்ணெதிரிலேயே இருக்கும் உதாரணம் இது.

இனி எண்ணுக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் நகராட்சியின் மக்கள்தொகை 1,73,636. நகராட்சி 2021இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் 45 வார்டுகளுக்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒரு வார்டுக்குச் சராசரியாக 3,858 பேர் வருகிறார்கள். எந்த ஊரில் மனு எழுத உட்கார்ந்தாலும் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது இந்தச் சராசரியைத்தான். நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதிகளை வரைந்த 2002ஆம் ஆண்டு மறுவரையறை ஆணையம், சராசரிக்கு மேலும் கீழும் 10 விழுக்காடு வரை விலகல் இருக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டது. அதே அளவுகோலைக் கடலூருக்கு ஒரு பேச்சுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு வார்டு ஏறத்தாழ 3,470க்கும் 4,245க்கும் இடையே இருக்க வேண்டும். வரைவில் உங்கள் வார்டு 5,100 என்றும் பக்கத்து வார்டு 2,900 என்றும் இருந்தால், வேறு எதையும் சொல்வதற்கு முன் அந்த இரண்டு எண்களைச் சொல்வதே போதுமான தொடக்கம்.

இங்கேதான் பல மனுக்கள் வழுக்கிவிழுகின்றன. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் வார்டில் இத்தனை ஓட்டு, பக்கத்து வார்டில் இத்தனை ஓட்டு என்று கணக்குக் காட்டுகிறார்கள். மறுவரையறைக்கு வாக்காளர் எண்ணிக்கை அடிப்படை அன்று. குழந்தைகளும் உட்பட அங்கு வாழ்வோர் அனைவரையும் உள்ளடக்கிய மக்கள்தொகையே அடிப்படை. அதுவும் இன்றைய மக்கள்தொகை அல்ல. உரிய விவரங்கள் வெளியிடப்பட்ட கடைசிக் கணக்கெடுப்பு எதுவோ அதன் எண்தான் மக்கள்தொகை என்று அரசியல் சட்டமே வரையறுத்திருக்கிறது. புதிய கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் வரை 2011தான் அந்த எண். ஊரின் ஓரத்தில் வயல்களாக இருந்த இடத்தில் இன்று ஒரு நகரே எழுந்திருந்தாலும், கூட்டத்தில் அமர்ந்திருக்கும் அதிகாரியால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே என் பதிலும். ஆனால் அந்த அநியாயத்தைத் தீர்க்கும் அதிகாரம் அந்த மேடைக்கு இல்லை.

கணக்கெடுப்பு எண் தெரு வாரியாக வருவதில்லை என்பது அடுத்த சிக்கல். கணக்கெடுப்பாளர் ஒருவருக்கு ஒதுக்கப்படும் பகுதியைக் கணக்கெடுப்பு பிளாக் என்கிறார்கள்; ஒரு பிளாக்கில் ஏறத்தாழ 600 முதல் 800 பேர் வரை இருப்பார்கள். ஆக, 3,858 பேர் கொண்ட வார்டு என்பது ஐந்தாறு பிளாக்குகளின் தொகுப்பு. அதிகாரிகள் வார்டுகளை அடுக்கிக் கோக்கும்போது அவர்கள் கையில் இருப்பவை தெருக்களைவிட இந்த பிளாக்குகளே. எங்கள் தெருவை மட்டும் பழைய வார்டிலேயே விடுங்கள் என்று ஒருவர் எழுதினால், அந்தத் தெரு மூன்று பிளாக்குகளில் சிதறிக்கிடக்கலாம். அப்படியானால் அதன் மக்கள்தொகை எத்தனை என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இருக்காது. ஆதாரம் இல்லாத கோரிக்கையை ஒதுக்கிவைப்பது எளிது. அதையே, இன்ன பிளாக் முழுவதையும் இந்த வார்டிலிருந்து எடுத்து அந்த வார்டில் சேர்த்தால் இதன் எண்ணிக்கை இவ்வளவாகக் குறையும், அதன் எண்ணிக்கை இவ்வளவாகக் கூடும், இரண்டும் சராசரியை நெருங்கும் என்று எழுதினால், அதிகாரி அதை மறுப்பதற்குக் காரணம் எழுத வேண்டிய நிலை வருகிறது.

ஒரு வார்டைத் தொட்டால் சுற்றியுள்ள மூன்று நான்கு வார்டுகள் அசையும் என்பதை மனுதாரர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. தமக்கு வேண்டாத பகுதியைத் தள்ளிவிடுகிறார்கள். அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்வதில்லை. மாற்று யோசனை இல்லாத ஆட்சேபணை பதிவேட்டில் ஒரு வரியாக நின்றுவிடும். நல்ல மனுவின் நடுப்பகுதி எப்படி இருக்கும் என்பதற்குக் கற்பனையான ஒரு மாதிரி: “வரைவில் ‘அ’ வார்டின் தெற்கு எல்லையாக ஆற்றின் தென்கரைத் தெரு காட்டப்பட்டுள்ளது. இதனால் வடகரையில் 3,100 பேரும் தென்கரையில் 720 பேரும் ஒரே வார்டில் வருகின்றனர். தென்கரையில் உள்ள பிளாக்கை, அதே கரையில் 3,200 பேர் மட்டுமே உள்ள ‘ஆ’ வார்டில் சேர்த்தால் அது 3,920 ஆகும். ‘அ’ வார்டில் ஏற்படும் குறைவை ஈடுசெய்ய, அதற்கு வடக்கே 4,600 பேர் உள்ள ‘இ’ வார்டிலிருந்து 680 பேர் கொண்ட பிளாக்கை மாற்றலாம். அப்போது ‘அ’ 3,780 ஆகவும் ‘இ’ 3,920 ஆகவும் அமையும். மூன்று வார்டுகளும் சராசரியை ஒட்டி வரும்; ஆறே எல்லையாகவும் அமையும்.” இதில் ஓர் உணர்ச்சிச் சொல்கூட இல்லை. எதிர்க்கேள்வி கேட்க வழியும் அதிகமில்லை.

ஆற்றை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. கடலூரைக் கெடிலம் இரண்டாகப் பிரிக்கிறது. ஆட்சியர் அலுவலகம் இருக்கும் மஞ்சக்குப்பம் ஒரு கரை, திருப்பாதிரிப்புலியூர் மறுகரை. ரயில் பாதை ஒரு பக்கம், உப்பனாறு ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். வரைபடத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு தெருக்களுக்கு இடையே பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும் ஊர் இது. எல்லை தொடர்ச்சியாக இருப்பது என்பதை அதிகாரிகள் தாளில் பார்க்கிறார்கள். அங்கே குடியிருப்பவர்தான் அதை நடந்து பார்த்தவர். மழைக்காலத்தில் எந்தப் பாதை துண்டிக்கப்படுகிறது, ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எந்தப் பக்கம் போகிறார்கள், குடிநீர்த் தொட்டி எந்தத் தெருக்களுக்குப் பொது என்பவையெல்லாம் உள்ளூர்க்காரர் மட்டுமே ஆதாரத்தோடு சொல்லக்கூடியவை. ஆறு, ரயில் பாதை, நெடுஞ்சாலை போன்ற அசையாத அடையாளங்களை எல்லையாகக் கொள்வதை ஆணையங்களும் விரும்புகின்றன. இன்னார் வீடு முதல் இன்னார் வீடு வரை என்று எழுதிய எல்லை அடுத்த தலைமுறையில் யாருக்கும் புரியாது.

குடியிருப்புகளைப் பிளப்பது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கடற்கரை மாவட்டத்தில் அதன் விளைவு மிகக் கூர்மையானது. தேவனாம்பட்டினம் போன்ற மீனவக் குப்பங்களில் வலை, படகு, ஏலம், கோயில் எல்லாவற்றுக்கும் ஊர்ப் பஞ்சாயத்து என்ற ஒரே அமைப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு குப்பத்தை இரண்டு வார்டுகளுக்குப் பங்கிட்டால், இரண்டிலும் அவர்கள் சிறுபான்மை ஆகிவிடுவார்கள். தூண்டில் வளைவுக்கோ இறங்குதளத்துக்கோ பேச வேண்டிய உறுப்பினர், இரண்டு வார்டுகளிலும் மற்ற தெருக்களின் ஓட்டில் வென்றவராக இருப்பார். ஆதிதிராவிடர் காலனிகளின் நிலை இதைவிட நுட்பமானது. கடலூர் மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 விழுக்காடு ஆதிதிராவிடர்கள். எந்த வார்டுகளில் அவர்களது விகிதம் அதிகமோ அந்த வார்டுகளே அவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. 1,600 பேர் கொண்ட ஒரு காலனி 3,858 பேர் உள்ள வார்டில் முழுமையாக இருந்தால் விகிதம் 41 விழுக்காட்டைத் தாண்டும்; அந்த வார்டு ஒதுக்கீட்டுப் பட்டியலின் மேலே வரும். அதே காலனியை நடுத்தெருவில் கோடு போட்டு எண்ணூறு எண்ணூறாகப் பிரித்தால், இரண்டு வார்டுகளிலும் 21 விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டுமே பட்டியலில் கீழே போய்விடலாம். கோடு போட்டவர் எந்த உள்நோக்கமும் இல்லாமல் பிளாக் கணக்கைச் சரிக்கட்டப் போட்டிருக்கலாம். இருந்தும் விளைவு ஒன்றுதான். வரைவில் தரப்பட்டிருக்கும் ஆதிதிராவிடர் எண்ணிக்கையைப் பழைய வார்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதன் அவசியம் இதுவே. ஒதுக்கீட்டு அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

ஒதுக்கீடும் மறுவரையறையும் தனித்தனி அறிவிப்புகள். பெண்களுக்கு 50 விழுக்காடு என்பது 2016இல் தமிழ்நாட்டுச் சட்டத்தில் சேர்ந்தது. எந்த வார்டு யாருக்கு என்பது எல்லைகள் இறுதியான பிறகே, தனியே முடிவாகிறது. இதை எல்லைக் கூட்டத்தில் எழுப்புவது நேரத்தை வீணாக்குவதுதான். ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கக் கூடாது என்ற எதிர்ப்பும் அப்படியே. சொத்துவரி உயரும், நூறு நாள் வேலை என்று மக்கள் அழைக்கும் ஊரக வேலைத்திட்டம் போய்விடும் என்ற கவலைகள் உண்மையானவை; ஆனால் இணைப்பு அரசு எடுக்கும் வேறொரு முடிவு, அதற்குரிய ஆட்சேபணையும் வேறு. கிராம சபைத் தீர்மானம் அங்கே பயன்படும்.

கூட்டத்தன்று நடப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் கட்சிக்காரர்கள் அமர்ந்திருப்பார்கள். ஒலிபெருக்கி அவர்களிடமிருந்து பின்வரிசைக்கு வர நேரமாகும். வந்தாலும் இரண்டு மூன்று நிமிடங்களே கிடைக்கும். எனவே பேச்சு முக்கியமில்லை, தாள்தான் முக்கியம். கடைசித் தேதிக்கு முன்பே எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொண்டவர், கூட்டத்தில் தம் மனுவின் எண்ணைச் சொல்லி மூன்று வாக்கியங்களில் முடித்துக்கொள்ளலாம். ஒரே வாசகத்தை நகலெடுத்து இருநூறு பேர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கூட்டம் வாக்கெடுப்பு அன்று. இருநூறு மனுவும் ஒரே மனுவாகவே பரிசீலிக்கப்படும். அவற்றுக்குப் பதில் ஒரு வரைபடமும் ஒரு கணக்குத் தாளும் இணைத்த மூன்று மனுக்கள், மூன்று வெவ்வேறு தெருக்காரர்களிடமிருந்து வந்தால் அவற்றின் எடை அதிகம். எதிர்த்தரப்பும் வந்து பேசும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வரைவு சரியாக இருப்பதாக நினைப்பவர், ஆதரித்தும் மனு கொடுக்க வேண்டும். சும்மா இருந்தால், மாற்றக் கோரும் மனு மட்டுமே கோப்பில் இருக்கும்.

சட்டமன்ற, நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு நடக்கும் மறுவரையறையும் ஏறத்தாழ இதே தடத்தில் செல்வதுதான். 2002ஆம் ஆண்டுச் சட்டம், முன்மொழிவுகளை வெளியிட்டு, தேதி குறித்து, மாநிலத்தில் பொது அமர்வுகள் நடத்தி, வந்த ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகே இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும் என்றது. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் ஆணையத்தின் உடன் உறுப்பினர்களாக அமர்ந்தார்கள். ஆனால் வாக்குரிமையோ இறுதி ஆணையில் கையெழுத்திடும் உரிமையோ அவர்களுக்கு இல்லை. புதுச்சேரியின் 30 சட்டமன்றத் தொகுதிகளும் இந்த வழியில்தான் 2008இல் திருத்தி வரையப்பட்டன.

புதுச்சேரியின் உள்ளாட்சிக் கதை வேறு. 1880இலேயே பிரெஞ்சு ஆணையால் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சி அமைப்புகள் அமைந்த மண் அது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி, இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்த 178 பேரும் மக்கள் பிரதிநிதிகள்; நகராட்சி உறுப்பினர்களும் அவர்களில் அடக்கம்; 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள். ஒரு நாட்டின் எல்லையையே உள்ளாட்சி உறுப்பினர்களின் கையால் மாற்றிய அந்தப் பிரதேசத்தில், 1968க்குப் பிறகு 2006 வரை 38 ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் வார்டு மறுவரையறையை விரைந்து முடித்துத் தேர்தல் நடத்தச் சொன்னது. 2021 செப்டம்பரில் தேர்தல் அறிவிக்கவும்பட்டது. வார்டு ஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்குப் போடப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. மறுபடி அறிவித்த தேர்தலும் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுப் பிரச்சினையில் நின்றுபோனது. பாகூரிலோ வில்லியனூரிலோ இருப்பவருக்குத் தம் வார்டு எண் காகிதத்தில் தெரியும்; கவுன்சிலர் யார் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. எல்லை வரைவதில் காட்டிய கவனத்தை ஒதுக்கீட்டுக் கணக்கிலும் காட்டியிருந்தால் 2021 தேர்தல் நடந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இறுதி அறிவிப்பு அரசிதழில் வந்துவிட்டால் கதவு ஏறக்குறைய மூடிவிடும். ஊராட்சிகளுக்கு 243ஓ, நகராட்சிகளுக்கு 243இசட்ஜி ஆகிய பிரிவுகள், தொகுதி வரையறைச் சட்டங்களின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதைத் தடுக்கின்றன. குஜராத்தின் பார்டோலி தொகுதி குறித்த வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம், மறுவரையறை ஆணை வெளிப்படையாகவே தன்னிச்சையானதாகவும் அரசியல் சட்ட மதிப்பீடுகளுக்கு முரணாகவும் இருந்தால் அதைச் சீராய்வு செய்யத் தடையில்லை என்று சொன்னது. ஆனால் அது குறுகிய வாசல். உரிய காலத்தில் ஆட்சேபித்தேன், இன்ன கணக்கைக் காட்டினேன், அதற்குப் பதிலே இல்லை என்று முத்திரையிட்ட நகலோடு போகிறவருக்குத்தான் அந்த வாசலில் நிற்க இடம் கிடைக்கும்.

அடுத்த சுற்றுக்கான வேலை வரைவு வருவதற்கு முன்பே தொடங்குகிறது. 2027 மார்ச் 1ஐக் குறிப்புத் தேதியாகக் கொண்ட கணக்கெடுப்புக்காக, நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31 அன்று இருந்தபடி நிறுத்திவைக்கப்பட்டன. அந்த எல்லைகளுக்குள்தான் பிளாக்குகள் வகுக்கப்படுகின்றன. அந்தக் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியானதும் 2011 எண் காலாவதியாகிவிடும். இன்றைய வார்டுகளில் எவை பெருத்திருக்கின்றன, எவை மெலிந்திருக்கின்றன என்பது அப்போது தெரியும். வார்டு வாரியான எண்கள் பொதுவாக வெளியிடப்படுபவை. பிளாக் வாரியான எண்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பார்க்கலாம். அந்தச் சட்டம் பதில் தர 30 நாள் அவகாசம் தருகிறது. வரைவின் மீது ஆட்சேபணை கொடுக்கத் தரப்படும் அவகாசம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. வரைவைப் பார்த்த பிறகு விண்ணப்பம் போட்டவர் கையில், கடைசித் தேதியன்று, ஒப்புகைச் சீட்டு மட்டுமே இருக்கும். அதனால் கணக்கெடுப்பு விவரம் வெளியான கையோடு, எந்த வரைவுக்கும் காத்திராமல், தம் வார்டுக்கும் அதைத் தொட்டு நிற்கும் வார்டுகளுக்கும் சேர்த்து விண்ணப்பித்து வைப்பதே சரியான நேரம்.